முயலுக்கு எந்தத் தரை குளிர்ச்சி?

கத்திரி வெயில் காலத்தில் வீட்டு முயலைக் கவனித்துப் பாருங்கள். மெத்தென்று துணி விரித்திருந்தாலும் அதை விட்டுவிட்டு வெறுந்தரையைத் தேடிப் போகும். பின்னங்கால்களை நீட்டி, வயிறு முழுக்கத் தரையில் படும்படி படுத்துக்கொள்ளும். பார்ப்பதற்குச் சோம்பலாகத் தெரியும் அந்தப் படுக்கையில்தான் அது உடம்புச் சூட்டைக் கீழே இறக்குகிறது.

வீடுகளில் வளரும் முயல் இனங்கள் அத்தனைக்கும் மூதாதை ஐரோப்பிய முயல். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பம் அதன் தாயகம். நம் ஊர்ப் புதர்க்காட்டில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டுவதில்லை. ஐரோப்பிய முயலோ பகல் வெயிலை மண்ணுக்கடியில் கழித்துப் பழகியது. தரைக்குக் கீழே அரை மீட்டர் ஆழத்திலேயே பகல், இரவு வெப்ப வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். அந்த வளையை இழந்து அடுக்குமாடிக்கு வந்த பிராணிக்கு மிச்சமிருப்பது தரை மட்டுமே.

வியர்வை இல்லாத உடம்பு

முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். அதற்குச் சுகமான அறை வெப்பம் 15 முதல் 22 டிகிரி வரை. 28 டிகிரியைத் தாண்டும்போது அதற்குச் சிரமம் தொடங்குகிறது. நம்மைப்போல வியர்த்து ஆற அதற்கு வழியில்லை. மூக்கால் மட்டுமே மூச்சு விடப் பழகிய பிராணி என்பதால், நாயைப்போல நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தும் பெரிய பயனில்லை.

அதன் முக்கியக் குளிர்விப்பான் காதுகள்தான். சூடு ஏறும்போது காதிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்தம் அங்கே அதிகமாகப் பாய்ந்து, வெப்பம் காற்றில் கலக்கிறது. ஆனால் காற்று காதைவிடக் குளிர்ந்திருந்தால்தான் இது நடக்கும். மே மாதத்து வேலூரிலோ மதுரையிலோ பிற்பகல் காற்றே 38, 40 டிகிரியைத் தொடும்போது காதுகள் கைவிட்டுவிடும். மின்விசிறியும் அப்போது அதிகம் உதவாது. காயவைக்க அங்கே வியர்வை இல்லையே. தமிழகத்தில் முயல் ஆராய்ச்சி கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் நடப்பதற்குக் குளிர்ச்சியான தட்பவெப்பம் ஒரு காரணம்.

கடத்தலும் கொள்ளளவும்

வெறுங்காலில் ஒரு பாதத்தைத் தரையிலும் மற்றதைக் கோரைப்பாயிலும் வைத்து நில்லுங்கள். தரை சில்லென்றிருக்கும். ஒரே அறையில் கிடக்கும் இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். தரை நம் காலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, பாய் இழுப்பதில்லை; வித்தியாசம் அவ்வளவே. இந்தத் திறனை வெப்பக் கடத்துதிறன் என்கிறோம். மரத்துக்கு இது 0.15 என்ற அளவில் இருந்தால், பீங்கான் டைல்ஸுக்குச் சுமார் 1, கிரானைட்டுக்குச் சுமார் 3. அலுமினியத்துக்கு 200க்கும் மேல்.

அப்படியானால் அலுமினியத் தகடுதான் சிறந்ததா? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது: வாங்கிய சூட்டை வைத்துக்கொள்ள அதற்கு எவ்வளவு இடமிருக்கிறது?

2 கிலோ எடையுள்ள முயல் சும்மா படுத்திருக்கும்போதே 5 முதல் 6 வாட் வெப்பத்தை உண்டாக்கும். மணிக்குச் சுமார் 20 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். ஓரடிக்கு ஓரடி, 2 சென்டிமீட்டர் கனமுள்ள கிரானைட் துண்டு ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். அதை ஒரு டிகிரி சூடேற்ற 4 கிலோஜூல் வேண்டும். முயலின் சூடு முழுவதும் கல்லுக்கே போனாலும், கல் 5 டிகிரி ஏற ஒரு மணி நேரம் ஆகும். அதே பரப்பில் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஆறேழு நிமிடங்களில் அந்த 5 டிகிரியை எட்டிவிடும். தகட்டைத் தரையோடு ஒட்டிப் போட்டால் வாங்கிய சூட்டைக் கீழே தள்ளிவிடும். துணிமேல் போட்டால் வீண்.

கல்லுக்கும் ஒரு குறை உண்டு. அது தானாகக் குளிரை உண்டாக்காது. அறை 36 டிகிரி என்றால் கல்லும் மெல்ல அங்கேதான் வந்து நிற்கும். தரைத்தள வீட்டில் அடியிலுள்ள மண் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வீட்டில் அந்த வசதி இல்லை. அங்கே இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றை ஃபிரிட்ஜில் குளிரவிட்டு மாற்றி மாற்றிப் போடுவதே வழி. ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். உறைந்த கல் தோலைப் பாதிக்கும். விலை உயர்ந்த பலகை எதுவும் தேவையில்லை. கிரானைட் கடைகளில் வெட்டி மீந்த துண்டோ, கடப்பா கல்லோ போதும்.

ஐஸும் மண்பானையும்

ஒரு லிட்டர் தண்ணீரை உறையவைத்த பாட்டில், உருகி முடிவதற்குள் 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். பழைய துண்டில் சுற்றி ஓரமாக வைத்தால் முயல் தானே வந்து சாய்ந்துகொள்ளும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பாட்டிலின்மேல் நீர் கோத்துச் சொட்டும். ஈரமான ரோமத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். அதனால் துண்டை அடிக்கடி மாற்றுங்கள்.

வறண்ட காற்றுள்ள உள்மாவட்டங்களில் மண்பானை இன்னும் நல்லது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். ஐஸ் உருகுவதைப்போல ஏழு மடங்கு. அகலமான வாயுள்ள பானையைப் படுக்கவைத்து, உருளாமல் முட்டுக்கொடுத்து, வெளிப்புறத்தை மட்டும் நனைத்து வாருங்கள். உள்ளே வளை போன்ற ஒரு குளிர்ந்த இடம் கிடைக்கும். பானை மெருகு பூசாததாக இருக்க வேண்டும்.

ஜெல் அடைத்த குளிர்விப்பு மெத்தைகளை முயலுக்குப் போடாதீர்கள். கையில் கிடைத்ததைக் கடிப்பது அதன் சுபாவம். விழுங்கிய பிளாஸ்டிக்கை வாந்தியாக வெளியேற்றவும் அதனால் முடியாது.

முழுத் தரையும் கல்லாக இருப்பதும் கெடுதல். நாய், பூனைக்கு இருப்பதுபோல முயலின் பாதத்தில் மெத்தைத் தசை கிடையாது, ரோமம் மட்டுமே. நாள் முழுவதும் கடினத் தரையில் இருந்தால் குதிகாலில் புண் வரும். பாதத்தில் ரோமம் குறைந்த ரெக்ஸ் இன முயலுக்கு இந்த ஆபத்து அதிகம். பளபளப்பான பரப்பில் கால் வழுக்கவும் செய்யும். எனவே கல்லின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும். இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கல் போதும். மற்ற இடத்தில் பாயோ வைக்கோலோ பரப்புங்கள். எங்கே படுப்பது என்பதை முயலே தேர்ந்துகொள்ளும். வெயில் விழும் பால்கனியில் மட்டும் கல்லைப் போட்டுவிடாதீர்கள். குளிர்ச்சியைப் போலவே சூட்டையும் அது தேக்கிவைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் காது சிவந்து கொதித்தால், வாய் திறந்து மூச்சு வாங்கினால், எச்சில் ஒழுகினால், துவண்டு கிடந்தால் அது வெப்பத்தாக்கு. நிழலான, குளிர்ந்த இடத்துக்கு மாற்றிக் காதுகளைச் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் நீரில் முக்கினால் தோலுக்கடியிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே அடைபட்டுவிடும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

முயல் இருக்கும் அறையில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். அது 28 டிகிரியைக் காட்டும்போதே கல்லைப் போட்டுவிடுங்கள். முயல் இளைக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.