லாசே விரேன்

லாசே ஆர்த்தூரி விரேன் (பிறப்பு: ஜூலை 22, 1949) பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நெடுந்தூர ஓட்ட வீரர் ஆவார். 1972, 1976 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கப் பதக்கம் வென்றார். இச்சாதனையை நிகழ்த்திய முதல் வீரர் இவரே. பின்னர் பிரித்தானியாவின் மோ ஃபரா 2012, 2016 போட்டிகளில் இதனைச் சமன் செய்தார்.

பின்னணி

விரேன் தென் பின்லாந்தின் மியூர்சுகியூலா என்ற சிற்றூரில் பிறந்தார். அங்கேயே காவலராகப் பணியாற்றினார். இவருடைய பயிற்சியாளர் ரோல்ஃப் ஹைக்கோலா ஆவார். ஒலிம்பிக் போட்டியின் போது உடல் உச்ச நிலையை அடையும் வகையில் இவரது பயிற்சி திட்டமிடப்பட்டது.

மியூனிக், 1972

10,000 மீட்டர் இறுதி ஓட்டத்தின் 12ஆம் சுற்றில் விரேன் தடுமாறி விழுந்தார். இவருடன் விழுந்த துனீசிய வீரர் முகம்மது கம்மூதி ஓட்டத்தை முடிக்கவில்லை. விரேன் உடனே எழுந்து, ஒரு சுற்றுக்குள்ளாகவே முன்னணி வீரர்களை எட்டினார். இறுதியில் 27 நிமிடம் 38.4 வினாடிகளில் ஓடி முடித்து உலக சாதனையுடன் வென்றார். ரான் கிளார்க் 1965இல் படைத்த முந்தைய சாதனையை விட இது 1 வினாடி மட்டுமே குறைவாகும். ஒரு வாரத்திற்குப் பின் 5,000 மீட்டரிலும் வென்றார்.

மொண்ட்ரியால், 1976

இவ்விரு ஒலிம்பிக் போட்டிகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இவர் பெரிதாக எதையும் வெல்லவில்லை. 1974 ஐரோப்பியப் போட்டியில் 5,000 மீட்டரில் வெண்கலம் மட்டுமே கிடைத்தது. எனினும் மொண்ட்ரியாலில் மீண்டும் இரு தங்கங்களை வென்றார். 5,000 மீட்டர் இறுதி ஓட்டத்திற்கு மறுநாளே மாரத்தானில் கலந்து கொண்டு ஐந்தாம் இடம் பெற்றார்.

ஐயங்கள்

ஒலிம்பிக்கில் மட்டும் சிறந்து விளங்கியதால், இவர் இரத்த ஏற்றம் செய்துகொண்டதாகச் சிலர் ஐயம் எழுப்பினர். முன்பே எடுத்துச் சேமித்த இரத்தத்தைப் போட்டிக்கு முன் மீண்டும் உடலில் செலுத்துவதே இம்முறையாகும். இதனால் சிவப்பணுக்கள் பெருகி, தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிசன் கிடைக்கும். அக்காலத்தில் இது தடை செய்யப்பட்டிருக்கவில்லை. 1980களின் நடுப்பகுதியிலேயே தடை வந்தது. விரேன் இதனைத் தொடர்ந்து மறுத்து வந்தார். இக்குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. ஹைக்கோலாவின் பயிற்சித் திட்டமும் இவர் ஒலிம்பிக்கில் மட்டும் உச்சத்தை எட்டியதற்கான விளக்கமாக அமைகிறது.

பிற்காலம்

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் ஐந்தாம் இடம் பெற்றார், மாரத்தானை முடிக்கவில்லை. பின்னர் அரசியலில் நுழைந்து, 1999 முதல் 2007 வரையிலும், 2010 முதல் 2011 வரையிலும் பின்லாந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.