பவனா ஆற்றோரம் ஒரு சைக்கிள் பயணம்

ஞாயிற்றுக்கிழமை காலை மணி 5.30. மற்ற நாட்களில் ஆமை வேகத்தில் ஊர்ந்து செல்லும் ஹிஞ்சேவாடி வாகன வரிசை அந்த நேரத்தில் இருப்பதில்லை. தலைக்கவசம் அணிந்த நாலைந்து பேர் சைக்கிள்களில் மருஞ்சி சாலைப் பக்கம் திரும்புகிறார்கள். அவர்கள் பேச்சில் தமிழும் காதில் விழுகிறது. கோவை, நெல்லை, வேலூர்ப் பக்கங்களிலிருந்து வந்து இங்குள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பணியாற்றுபவர்கள் அவர்கள்.

வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்தே கழிகிறது. ஆறாம் நாள் துணி துவைப்பதிலும் ஊருக்குப் போன் பேசுவதிலும் போய்விடுகிறது. ஏழாம் நாளாவது உடம்பு அசையட்டும் என்று சைக்கிளை எடுத்தவர்களுக்கு, வாசலிலேயே ஓர் அருமையான ஆற்றுப் பள்ளத்தாக்கு இருப்பது பிறகுதான் தெரிய வருகிறது.

பிரான்ஸ் நாட்டில் லுவார் ஆற்றை ஒட்டிச் சுமார் 900 கிலோமீட்டர் தூரத்துக்குச் சைக்கிள்களுக்கென்றே வழி குறித்து, கைகாட்டிப் பலகைகள் நட்டு வைத்திருக்கிறார்கள். பவனா ஆற்றோரம் அப்படிப் பலகை எதுவும் கிடையாது. ஆனால் ஆற்றோடு போகும் சாலைக்கு எந்த நாட்டிலும் ஒரே குணம்தான். ஏற்றம் இருந்தாலும் மூச்சு முட்டாது. புதிதாக மிதிப்பவரும் பயமின்றிப் போகலாம்.

கரும்பும் நெல்லும்

ஹிஞ்சேவாடியிலிருந்து மருஞ்சி, நேரே கிராமங்களைக் கடந்தால் காசர்சாயி அணை வருகிறது. அது ஒரு சின்ன அணைதான். புதியவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் இதுவரை போய்த் திரும்பினால் போதுமானது. அருகிலேயே சந்த துக்காராம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. ஆலை ஓடும் குளிர்காலத்தில் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகளும் டிராக்டர்களும் சாலையை அடைத்துக்கொண்டு வரும். அவற்றைப் பார்க்கும்போது திருச்சி, ஈரோடு மாவட்டத்துக்காரர்களுக்கு ஊர் நினைவு வராமல் இராது.

காசர்சாயியைத் தாண்டி சாந்த்கேட், பேபட் ஓஹோள் ஊர்கள் வழியாகச் சென்றால் பவனா ஆற்றங்கரையை அடையலாம். இது மாவல் தாலுகா. மழைக்காலத்தில் இருபுறமும் நெல் வயல்கள். கடைகளில் நாம் வாங்கும் இந்திராயணி அரிசி இந்தத் தாலுகாவில் பிறந்ததுதான். மாம்பூ மணம் வீசும் அம்பேமோஹர் நெல்லையும் ஐ.ஆர்.8 நெல்லையும் ஒட்டி, வட்காவ் மாவல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கினார்கள். ஐ.ஆர்.8 நம் தஞ்சை விவசாயிகளுக்கும் பழைய சிநேகம்.

மேற்கே செல்லச் செல்ல, ரோஜாப்பூ வளர்க்கும் பாலிதீன் கூடாரங்களும், அவற்றுக்குப் பின்னால் திகோனா, துங் கோட்டைகள் நிற்கும் குன்றுகளும் தெரிகின்றன. சாலை பவனாநகரில் அணையருகே கொண்டுபோய் விடும். ஹிஞ்சேவாடியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். நிதானமாக மிதித்தாலும் காலை எட்டரை மணிக்குள் சென்று, போஹேயும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பத் தொடங்கலாம்.

மற்றொரு வழி தெற்கே போகிறது. மாண், கோட்டவடே வழியாக முலா ஆற்றுப் பகுதியிலுள்ள பௌட் சென்று, அங்கிருந்து முல்ஷி ஏரியை அடையலாம். இதில் ஏற்றம் சற்று அதிகம். கால் பழகியவர்களுக்கே ஏற்றது.

தண்ணீரின் கதை

காரில் போகிறவருக்கு இவை இரண்டும் உல்லாச ஏரிகள். சைக்கிளில் போகிறவர் டீக்கடைப் பெஞ்சில் அரைமணி உட்கார்ந்தால் வேறு கதை கேட்கலாம்.

டாட்டா நிறுவனம் நீர்மின் உற்பத்திக்காக முல்ஷி அணையைக் கட்ட முற்பட்டபோது, நிலம் இழக்கும் விவசாயிகள் 1921-ல் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அதற்குத் தலைமை தாங்கிய பாண்டுரங்க மகாதேவ் பாபட்டை மக்கள் "சேனாபதி" என்றே அழைத்தார்கள். போராட்டம் தோற்றது, அணை எழுந்தது. அந்த ஏரித் தண்ணீர் இன்றும் மேற்கே கொங்கணம் பக்கம் பீரா மின் நிலையத்துக்குப் போகிறது.

பவனா அணை 1970-களின் தொடக்கத்தில் வந்தது. ஆற்றில் திறந்துவிடும் தண்ணீரை ராவேத்தில் இறைத்து, பிம்ப்ரி-சிஞ்ச்வாட் நகருக்கு வழங்குகிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல வசிக்கும் வாகட் பகுதியும் அந்த நகராட்சியில் அடங்கியதே. அணைக்கு நிலம் கொடுத்த குடும்பங்களோ மாற்று நிலத்துக்காகப் பல பத்தாண்டுகள் அலைந்தன. அணையிலிருந்து நகருக்கு நேராகக் குழாய் பதிக்கும் திட்டத்தை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9-ல் மாவல் விவசாயிகள் மறியல் செய்தபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் பெண்.

காலையில் குழாயைத் திறந்து காப்பிக்குத் தண்ணீர் பிடிப்பவர் இதை அறிந்திருப்பது நல்லது. காவிரி மண்ணிலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குரங்குப் பெடல் தலைமுறை

சைக்கிள் நமக்குப் புதிதல்ல. மணிக்கு இத்தனை காசு என்று வாடகைக்கு எடுத்து, குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை இன்னும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டது நாடே வியந்த செய்தி. புனேயும் ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. பிறகு ஸ்கூட்டரும் காரும் வந்து அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போயின.

2026 ஜனவரியில் சர்வதேச சைக்கிள் சங்க விதிகளின்படி "புனே கிராண்ட் டூர்" பந்தயம் நடைபெற்றபோது, முல்ஷி, மாவல் தாலுகாக்களின் சாலைகளில் பல நாட்டு வீரர்கள் பறந்தார்கள். அவர்களுக்காகச் சாலைகள் செப்பனிடப்பட்டன. பந்தயம் ஐந்து நாளில் முடிந்தது. தினமும் அதே சாலையில் பள்ளிக்கும் பால் பண்ணைக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கோ, வார இறுதியில் மிதிப்பவர்களுக்கோ தனிப் பாதை என்று ஒன்று இன்னும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

இதுதான் கவலைக்குரிய விஷயம். ஹிஞ்சேவாடி வளர வளர, கான்கிரீட் கலவை லாரிகளும் ஜல்லி லாரிகளும் கிராமச் சாலைகளில் பெருகிவிட்டன. புனே வெளிவட்டச் சாலைத் திட்டமும் மாவல், முல்ஷி தாலுகாக்களின் ஊடே செல்கிறது. வயல் மனையாகிறது, மனையில் பண்ணை வீடு எழுகிறது. பத்து ஆண்டு கழித்து இதே வழியில் நெல் வாசனை வீசுமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே போக விரும்புவோர் சில விஷயங்களை மறக்கலாகாது. விடியற்காலையே புறப்பட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு உல்லாசப் பயணிகளின் கார்கள் பவனாநகர் சாலையை நிறைத்துவிடும். பின்பக்கச் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், இரண்டு புட்டி தண்ணீர் இவை கட்டாயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று இருக்கும் என்றாலும், சேறு படிந்த சாலை வழுக்கும். அடைமழையன்று அணைப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. தனியாகச் செல்வதைவிட மூன்று நான்கு பேராகச் செல்வது உத்தமம். அப்போதும் ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும்.

இந்தக் கிராமங்களில் வழி கேட்டால் முதியவர்கள் கையை நீட்டிக் காட்டிவிட்டு, "சாவ்காஷ் ஜா" என்பார்கள். பார்த்து, மெதுவாகப் போ என்று பொருள். ஊரில் அப்பாவும் அம்மாவும் சைக்கிள் எடுக்கும்போதெல்லாம் சொல்லி அனுப்பிய அதே வார்த்தைதான்.