பஸ்ஸில் எழுதிய பெயர்

மோட்டார் பஸ்ஸின் நெற்றியில் எழுதிய ஒரு பெயருக்காக மனிதர் மனிதரை வெட்டினர் என்றால் அயல் தேசத்தார் நம்பத் தயங்குவர். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வாசிகளுக்கு அதை நாம் விளக்க வேண்டியதில்லை. 1997-ஆம் வருஷம் சர்க்கார் விருதுநகர் வட்டாரத்துக்கென ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டிற்று. கட்டபொம்மன் சேனையில் நின்று கும்பினியாரோடு பொருது மாண்டவர் அவர், தேவேந்திர குலத்தவர். அவர் பெயர் தாங்கிய வண்டியில் ஏறோம் என்று முக்குலத்தோரில் ஒரு சாரார் கிளம்பினர். பஸ்கள் நொறுங்கின, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. மருது பாண்டியரும் அதே கும்பினியை எதிர்த்துத் தூக்கிலேறியவர்களே. அவர்கள் பெயரில் ஓடிய வண்டிகளில் தேவேந்திரர் ஏறித்தானே வந்தனர்?

ஒரே பாஷை, ஒரே தெய்வங்கள், ஒரே கண்மாய்ப் பாசனம், இருந்தும் இப்பகை. ஆப்பிரிக்காவில் ருவாண்டா தேசத்து ஹூட்டு, டுட்ஸி வகுப்பாரும் ஒரே பாஷை பேசுகிறவர்களே. மாடு கன்று பெருகிய ஹூட்டு டுட்ஸியாக மதிக்கப்படுவதும் அங்கே முன்பு உண்டு. அதிகாரம் செலுத்த வந்த பெல்ஜியத்தார் 1930-களில் ஒவ்வொருவனுடைய வகுப்பையும் அடையாளச் சீட்டில் எழுதிக் கொடுத்தனர். எழுதியது எழுதியதே என்றாயிற்று. 1994-இல் கொலைஞர்கள் சாலை மறித்து அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தே வெட்டினர். நூறு நாட்களில் மாண்டோர் 5 லக்ஷத்துக்கும் மேல், பெரும்பாலோர் டுட்ஸிகள்.

நம் ஜில்லாக் கலகங்களை அப்பெருங்கொலையோடு சமமாக வைப்பது பிசகு. ஆயினும் சர்க்கார் தஸ்தாவேஜு மனிதனுக்கு இடும் முத்திரையை நாமும் அறிவோம். 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் கள்ளரும் மறவரும் பிறவிக் குற்றவாளிகளெனப் பதியப்பட்டு, ரேகை வைத்து, இரவில் போலீஸ் காவலில் முடங்கினர். முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் போராடினர். சென்னை மாகாணத்தில் 1947-இல் அது ஒழிந்தது. ஏட்டில் எழுதிய இழிவு எப்படிச் சுடும் என்பதை நேரில் அனுபவித்த சமூகத்தார், பிறர் கேட்கும் கௌரவத்தை மறுத்ததே நமக்கு விளங்காத விஷயம். பழியெல்லாம் வெள்ளையன் தலையில் சுமத்துவதும் சௌகரியமேயன்றி உண்மை அன்று. அவன் கப்பல் ஏறுமுன்பே இங்கே ஊரும் சேரியும் பிரிந்துதான் கிடந்தன.

சுயராஜ்யம் வந்தும் இது தீரவில்லை. 1957-இல் தேவரவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்வானார். அவர் துறந்த முதுகுளத்தூர்ச் சட்டசபை ஸ்தானத்துக்கு நடந்த உபதேர்தலை ஒட்டி அங்கே கலகம் மூண்டது. செப்டம்பர் 10-இல் சமாதானக் கூட்டம்; மறுநாள் இரவு பரமக்குடியில் தேவேந்திரர் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொலையுண்டார். 14-ஆந் தேதி கீழத்தூவலில் ஐந்து மறவர்களைப் போலீஸார் சுட்டுக் கொன்றனர். கொலை வழக்கில் கைதான தேவர் 1959-இல் விடுதலையானார். செப்டம்பர் 11 ஒரு சாராருக்கு நினைவு நாள். அக்டோபர் 30 மற்றொரு சாராருக்கு. அவ்விரு நாட்களிலும் தென் ஜில்லாக்கள் போலீஸ் மயம்!

1997-க்கு வருவோம். கலகத்துக்கு அஞ்சிய சர்க்கார் என்ன செய்தது? கழகங்களிலிருந்தும் ஜில்லாக்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் ஒருசேர அழித்தது. காமராஜர் ஜில்லாவும் விருதுநகர் ஜில்லாவாயிற்று. பாரபட்சமில்லை என்று சிலர் மெச்சினர். நமக்கு உடன்பாடில்லை. பழைய பெயர்கள் பல வருஷம் ஓடி இளைப்பாறின. புதிய பெயரோ தெருவுக்கு வந்தவுடனே பிடுங்கப்பட்டது. ‘ஏறோம்’ என்றவர் கோரியது நிறைவேறிற்று.

2021-இல் பார்லிமெண்டு ஏழு ஜாதிப் பெயர்களை ஒன்றாக்கித் தேவேந்திரகுல வேளாளர் எனச் சட்டத்தில் பதித்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சர்க்கார் பஸ்ஸில் எந்த வீரனுடைய பெயரும் இல்லை.