இரண்டாவது கரி அடுப்பு வாங்கப் போகிறீர்களா?

வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறது. பின்கட்டில் ஒரு கரி அடுப்பும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏதாவது ஒரு நாள், "இன்னொண்ணு இருந்தா தேவலையே" என்று தோன்றத்தான் செய்கிறது. ஒன்றில் பால் சுண்டிக்கொண்டிருக்கும்போது கத்தரிக்காய் சுட வேண்டும். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த விருந்தாளிகளுக்கு வெந்நீர் வேண்டும். ராஜபாளையத்தில் மில்லுக்கு ஷிப்ட் போகிறவர் இருக்கிற வீடு என்றால், விடியுமுன்னே காப்பி ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம்.

சரி, வாங்கலாம். என்ன அளவில் வாங்குவது? கடையில் போய் நின்றால் நம்மில் பலருக்கும் கை பெரிய அடுப்பின் மேல்தான் போகிறது. "வாங்குறதே வாங்குறோம், பெரிசா வாங்கிப் போடுவோம், எதுக்கும் ஆகும்" என்கிற எண்ணம்தான். பாத்திரம் வாங்கும்போது இந்த யோசனை சரி. ஒரு படிப் பானையில் அரைப் படி வைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அடுப்பு அப்படியில்லை. ஒவ்வொரு முறை மூட்டும்போதும் தன் வயிற்றுக்குத் தகுந்த தீனி கேட்கும்.

இரண்டு அங்குலம்தானே!

கரி அடுப்பின் அளவு என்பது அதன் வாயின் குறுக்களவு. சிறியது 6 அங்குலம், நடுத்தரம் 8 அங்குலம், பெரியது 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டே அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் கரி பரப்புகிற இடத்தைக் கணக்குப் போட்டால், 6 அங்குல வாய்க்கு 28 சதுர அங்குலம், 8 அங்குலத்துக்கு 50, 10 அங்குலத்துக்கு 78. ஆறிலிருந்து எட்டுக்குப் போனாலே இடம் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆறுக்கும் பத்துக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு.

இதைக் கரிக் கணக்காக மாற்றுவோம். இரண்டு அங்குல உயரத்துக்குக் கரி போட்டால் சின்ன அடுப்புக்குக் கால் கிலோவுக்குள் போதும். நடு அடுப்புக்கு 400 கிராம் ஆகும். பெரியதற்கு 600 கிராமுக்கு மேல். கரியின் வகையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். இரண்டு டம்ளர் பாலைக் காய்ச்சப் பெரிய அடுப்பை மூட்டினால், அந்த 600 கிராமில் பெரும்பகுதி காற்றுக்குத்தான் சூடேற்றும்.

"கரியைக் குறைச்சலாப் போட்டுக்கிட்டாப் போச்சு" என்று சொல்லலாம். அகன்ற அடுப்பில் கரியைக் குறைத்துப் போட்டால் அது அடியில் பரவிக் கிடக்கும், பாத்திரம் எட்டிப்போகும். துண்டுக்குத் துண்டு ஒட்டி இருந்தால்தான் கரி கனலும். தனித்தனியாக விழுந்தால் சாம்பல் மூடி அணைந்துபோகும்.

கரியில் சமைத்தால் மிச்சமா?

இதையும் நேராகவே பேசிவிடுவோம். ஒரு கிலோ மரக்கரியில் சுமார் 7,000 கிலோகலோரி சூடு இருக்கிறது. ஒரு கிலோ காஸில் சுமார் 11,000. அதோடு, காஸ் அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்தில் ஏறுகிறது, சாதாரணக் கரி அடுப்பில் கால் பங்கு ஏறினாலே நல்ல அடுப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிலோ காஸ் செய்கிற வேலையைச் செய்ய நாலு கிலோ கரி வேண்டும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ காஸ் இருக்கிறது. சிலிண்டர் விலையை அதால் வகுத்துப் பாருங்கள். அந்தக் காசுக்கு உங்கள் ஊரில் நாலு கிலோ கரி கிடைத்தால் மிச்சம், கிடைக்காவிட்டால் இல்லை. கடையில் கரி வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் மிச்சம் இருக்காது.

ஆகவே, கரி அடுப்பை மிச்சத்துக்காக வாங்காதீர்கள். காஸில் வராத ருசிக்கும் நிதானமான சூட்டுக்கும் வாங்குங்கள். அதனால்தான் அளவு முக்கியமாகிறது.

மலையடிவாரத் தென்னந்தோப்புப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கதை வேறு. சிரட்டை சும்மா கிடைக்கும். வெட்டவெளியில் குழியிலோ பழைய தகர டின்னிலோ அதை எரியவிட்டு, ஜுவாலை அடங்குகிற பதத்தில் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் மறுநாள் நல்ல கரி. சீக்கிரம் பிடிக்கும், சூடு அதிகம், சாம்பல் குறைவு. நம் விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக் கருவேலங்கரி இதைவிட நின்று எரியும். காட்டு விறகுக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். நம் மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்.

முதலில் பாத்திரத்தை அளங்கள்

அடுப்புக் கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. கரி அடுப்பில் அடிக்கடி ஏற்றுகிற மூன்று பாத்திரங்களை எடுத்து வைத்து, கவிழ்த்து, அடிப்பாகத்தை நூலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் இரண்டு தடவை எடுக்கிற இட்லிக் கொப்பரையை அளக்க வேண்டாம். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அடுப்பை வாங்கிக்கொள்ளலாம், அல்லது காஸில் வைக்கலாம்.

பாத்திரத்தின் அடி அடுப்பு வாயைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் அகலமாக இருப்பது நல்லது. 6 அங்குல வாய்க்கு 8 அங்குல அடி, 8 அங்குல வாய்க்கு 10 அங்குல அடி. வாயைவிடப் பாத்திரம் சிறியதென்றால் சூடு பக்கவாட்டில் ஓடும், கைப்பிடியும் கருகும். பாத்திரம் மிக அகலமென்றால் நடுவில் மட்டும் கொதித்து, ஓரம் பச்சையாக நிற்கும், கை பட்டால் சாயவும் செய்யும். அடுப்பு விளிம்பில் இருக்கிற மூன்று குமிழ்கள், பாத்திரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி தர வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் அடைத்தால் கனல் மூச்சு முட்டிப்போகும்.

கிளறுகிற வேலையா, இருத்துகிற வேலையா?

பாத்திர அளவு ஒன்றாக இருந்தாலும் வேலை வேறானால் அடுப்பும் வேறாகும். இதற்குப் பால்கோவாவைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வாயகன்ற பெரிய சட்டியில் 10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்று போட்டுக் கிண்டினால், மூன்றேகால் கிலோ அளவுக்குக் கோவா வரும். நம் வீட்டுக்கு ஒரு லிட்டர் பால், 125 கிராம் சர்க்கரை. கிடைப்பது 325 கிராம். அப்படியென்றால் 800 மில்லிக்கு மேல் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். அதற்குச் சுமார் 300 கிராம் கரி வேண்டும்.

கரிக் கணக்கை மட்டும் பார்த்தால் 6 அங்குல அடுப்பே போதும், நடுவில் ஒரு பிடி கரி சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் பால் சீக்கிரம் சுண்ட அகன்ற சட்டி வேண்டும். கெட்டியாகி வரும்போது கரண்டியை அழுத்திக் கிண்டுவோம். சின்ன அடுப்பின் மேல் அகன்ற சட்டியை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? கொதிக்கிற பால் மடியில்தான். இதற்கு 8 அங்குல வாயும் அகன்ற அடிப்பாகமும் உள்ள கனமான அடுப்புதான் சரி. அல்வா, களி இவற்றுக்கும் இதே கணக்குதான்.

காப்பிக்கு வெந்நீர், பருப்பு வேகவைப்பது, கஷாயம் சுண்டவைப்பது, கத்தரிக்காய், அப்பளம், மக்காச்சோளக் கதிர் சுடுவது எல்லாம் ஏற்றிவைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. இதற்கு 6 அங்குலமே தாராளம்.

இப்போது முடிவுக்கு வருவது சுலபம். வீட்டில் இருக்கிற முதல் அடுப்பு நடுத்தரமா, பெரியதா? இரண்டாவது 6 அங்குலமாக இருக்கட்டும். முதல் அடுப்பே சின்னதென்றால், இரண்டாவது 8 அங்குலம். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 10 அங்குல அடுப்பு அவசியமே இல்லை. இரண்டும் ஒரே அளவில் இருப்பதும் வீண். இரண்டாவது அடுப்பு முதல் அடுப்பால் முடியாததைச் செய்ய வேண்டும்.

கடல் தாண்டியும் இதே கதை

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற தாய்மார்கள் அங்கே முட்டை வடிவத்தில், மூடி போட்ட பீங்கான் கரி அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். அதன் பூர்வீகம் ஜப்பான். அங்கே 'கமாடோ' என்றால் அடுப்பு என்றே அர்த்தம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974-ல் அட்லாண்டா நகரில் 'பிக் கிரீன் எக்' என்கிற கம்பெனி தொடங்கியது. அதில் நடுத்தரம் 15 அங்குலம், பெரியது பதினெட்டேகால், அதற்கும் பெரியது 24. பதினைந்துக்கும் பதினெட்டேகாலுக்கும் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விலை ஆயிரமாயிரமாக ஏறினாலும் நம் மண் அடுப்புக் கணக்குதான் அதற்கும்.

கென்யா நாட்டில் 1980-களின் தொடக்கத்தில், தாய்லாந்து அடுப்பைப் பார்த்து ஒன்று செய்தார்கள். வெளியே தகரக் கூடு, உள்ளே சுட்ட மண். வெறும் தகர அடுப்பைவிட 30 முதல் 50 சதவீதம் வரை கரி மிச்சமானது. மண் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பதுதான் காரணம். நம் ஊரில் இரும்பு அடுப்பு வாங்குகிறவர்கள், உட்புறம் கனமாக மண் பூசியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதனால்தான்.

வாங்கும்போது

"தட்டிப் பாத்து எடுங்க தாயி" என்று அடுப்பு விற்கிற பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விரல் மடக்கித் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டால் வேக்காடு போதாது அல்லது கீறல் உண்டு. கரி போடுகிற ஓட்டைத் தட்டு தனியாக எடுத்து மாற்றும்படி இருந்தால் நல்லது, முதலில் உடைவது அதுதான். கீழே சாம்பல் வாய்க்கு மூடி உண்டா என்று பாருங்கள். அதை மூடித் திறந்துதான் தீயைக் குறைக்கவும் கூட்டவும் முடியும். கனத்த சுவர் உள்ளது நெடுநேரச் சமையலுக்கு, மெல்லிய சுவர் உள்ளது சட்டென்று முடிக்கிற வேலைக்கு. மாமியார், மாமனார் கையாள்வார்களென்றால் தூக்கிப் பார்த்து, குனியாமல் எட்டுகிற உயரமா என்றும் பார்த்துவிடுங்கள்.

வாங்கி வந்த உடனே தணல் நிரப்பாதீர்கள். இரண்டு நாள் நிழலில் காயவைத்து, முதல் தடவை ஒரு பிடிக் கரியோடு நிறுத்துங்கள். சுடுகிற அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தால் மண் வெடிக்கும். மிஞ்சிய தணலை இடுக்கியால் எடுத்து, மூடி உள்ள இரும்புச் சட்டியில் போட்டு மூடிவிட்டால் அது மறுநாளுக்கு ஆகும்.

இளந்தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழந்தைத் துணி காயாது. "உள்ளே ஒரு சின்ன அடுப்பில் கங்கு வச்சு, மேலே கூடையைக் கவுத்துப் போடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாது என்று கட்டிலருகே தணல் வைக்கிற வழக்கமும் உண்டு. அன்பில் சொல்வதுதான். ஆனால் கதவு, ஜன்னல் சாத்திய அறையில் தணல் வைப்பது உயிருக்கு ஆபத்து.

கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு வரும். நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. புகையே இல்லாமல் சிவக்கக் கனலும் போதும் வரும். ரத்தத்தில் பிராணவாயு ஒட்டுகிற இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு தூக்கம் போல மயக்கம். தூங்குகிறவர்களுக்கு அந்த அறிகுறிகூடத் தெரியாது. கைக்குழந்தைகளையும் வயிற்றுப் பிள்ளையையும் அது இன்னும் சீக்கிரம் தாக்கும். சின்ன அடுப்புத்தானே என்று நினைக்காதீர்கள், அளவு சிறிதானாலும் வாயு வாயுதான். யாருக்காவது அப்படி ஆனால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் இப்போது குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். இளம் நுரையீரல் தாங்காது. துணி காயவைக்க வேண்டுமென்றால் தாழ்வாரத்தில், ஆள் படுக்காத இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள். தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் தரையில் அடுப்பு வைக்கவே வேண்டாம். உயரமான திண்ணையிலோ மேடையிலோ வையுங்கள்.

அடுத்த சந்தைக்குப் போகுமுன் நூலை எடுத்துப் பாத்திரத்தை அளந்துவிடுங்கள். அந்த நூலையே முடிச்சுப் போட்டு முந்தானையில் செருகிக்கொண்டு போங்கள். கடைக்காரர் பெரிய அடுப்பைக் காட்டி, "இது எதுக்கும் ஆகும்மா" என்று சொன்னால், "எதுக்கும் ஆகுறது வேண்டாம் அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு ஆகுறதைக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே நூலை நீட்டுங்கள்.