மாதச் சாமானும் பத்து நிமிஷமும்

மளிகைச் சாமான் வீடு தேடி வரும் பழக்கத்தைக் கொரோனாதான் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால், அவர் சென்னையில் அண்ணாச்சி கடை இல்லாத தெருவில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். மாதம் பிறந்தால் லிஸ்ட் கடைக்குப் போகும். சாயங்காலம் கடைப் பையன் சைக்கிள் கேரியரில் துவரம்பருப்பு, உளுந்து, வெல்லம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். கணக்கு பற்று நோட்டில் ஏறும். சம்பளம் வந்தால் கழியும். காய்கறி மட்டும் நேரில்தான். 2011லேயே பெங்களூரில் பிக்பாஸ்கெட் வந்துவிட்டது என்றாலும், வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்க நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு வரவில்லை.

2020 மார்ச் 25 ஊரடங்கில் ஆப்களும்தான் திணறின. கிடங்கில் ஆள் இல்லை, டெலிவரிக்குக் கிளம்பியவர்களைப் போலீஸ் வழியில் மறித்தது. கார்ட்டை நிரப்பி வைத்துக்கொண்டு, ஸ்லாட் திறக்குமா என்று நடுராத்திரி வரை போனை நோண்டிய வீடுகள் எத்தனையோ. ஏப்ரல் கடைசியில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், முந்தின நாள் கடைத்தெருக்களில் ஜனம் முண்டியடித்தது. அடுத்து கோயம்பேடே தொற்று மையமானது. மே 5ஆம் தேதி மார்க்கெட்டை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். நுனி ஒடிக்கும் கை அப்போதுதான் அடங்கியது. வசதிக்காக அல்ல, பயத்தில்தான் பலர் ஆப்பைத் திறந்தார்கள்.

அண்ணாச்சியும் சும்மா இருக்கவில்லை. லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றார். 2021 மே மாத முழு ஊரடங்கின்போது, போனிலோ ஆன்லைனிலோ ஆர்டர் வாங்கி வீட்டில் கொடுக்க மளிகைக் கடைகளுக்கு அரசே அனுமதி கொடுத்தது.

உண்மையான மாற்றம் அதற்குப் பிறகு வந்ததுதான். இன்ஸ்டாமார்ட், ஸெப்டோ, 2021 டிசம்பரில் குரோஃபர்ஸ் பேர் மாறி வந்த பிளிங்கிட்: எல்லாம் பத்து நிமிஷப் பேச்சு. பேட்டைக்குள்ளேயே, வாடிக்கையாளர் உள்ளே நுழைய முடியாத டார்க் ஸ்டோர்களிலிருந்து சாமான் கிளம்புகிறது. ரசத்துக்குப் புளி இல்லையென்றால் அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு ஆர்டர் போடுகிறார்கள். மாதச் சாமான் வாங்கி டப்பா நிரப்பும் வழக்கம் பல வீடுகளில் நின்றே போயிற்று. கொசுறாக வந்த கறிவேப்பிலைக்கு இன்று விலை. சின்ன ஆர்டர் என்றால் அதற்குத் தனிக் கட்டணம். சம்பளம் தாமதமான மாதத்தில் 'அப்புறம் தாங்க' என்று சொல்ல ஆப்புக்குள் ஆள் கிடையாது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே தூங்கித் தொழில் கற்ற பையன்களில் பலர், பின்னால் சொந்தக் கடை போட்டு அண்ணாச்சி ஆனார்கள். ஆர்டருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பைக்கில் பறக்கும் இன்றைய பையன், எத்தனை வருஷம் ஓட்டினாலும் டார்க் ஸ்டோருக்கு முதலாளி ஆகப் போவதில்லை.