கணினி எண்ணும் எழுத்துகள்

'திருப்பதி' என்னும் ஊர்ப்பெயரில் 5 எழுத்துகள் உள்ளன. ஆயினும் பைத்தான் மொழியின் 'லென்' கட்டளை 9 என விடை தரும். 4 எழுத்துகளைக் கொண்ட 'சித்தூர்' என்பதற்கு 8 எனக் காட்டும். சொல்விளையாட்டு நிரல் எழுதும் மாணவர் இதனால் மயங்குவர்.

காரணம் யாது? யூனிகோடு முறையில் 'தி' என்பது தகரமும் இகரக்குறியுமாக இரண்டு குறியீடுகளாகப் பதிவாகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக்குறியீடே. பைத்தான் இக்குறியீடுகளையே எண்ணுகிறது.

ஆகவே, துணைக்குறிகளையும் புள்ளியையும் விடுத்து எண்ணுமாறு நிரல் எழுதுதல் வேண்டும். 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். சொல்லைத் தலைகீழாக்கும் முன்னும் இவ்வாறு பிரித்தல் நன்று. இல்லையேல் குறிகள் இடம்மாறிவிடும்.

பயிற்சி: 'நகரி', 'புத்தூர்' ஆகியவற்றின் எழுத்துகளையும் குறியீடுகளையும் தனித்தனியே எண்ணி எழுதுக.