ஒரே நிலப்படத்தில் சாலையும் சேனையும்

புதிதாகத் தார் போட்ட சாலையைச் சில மாதங்களுக்குள் குடிநீர்க் குழாய்க்காக மறுபடியும் தோண்டும் காட்சியைக் காணாத வாசகர் இரார். சாலை இலாகாவுக்கும் குழாய் இலாகாவுக்கும் விரோதமொன்றுமில்லை. ஒருவரது நிலப்படம் மற்றவர் மேஜைக்கு வருவதில்லை, அவ்வளவே. இக்குறையைப் போக்கும் பொருட்டு 2021 அக்டோபர் 13-ஆம் தேதி பிரதம மந்திரி கதிசக்தித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆரம்பத்தில் 16 மத்திய அமைச்சகங்கள் இதில் இணைந்தன.

இதன் இணையவழி நிலப்படத்தைக் காந்திநகரிலுள்ள பாஸ்கராசார்யா தேசிய நிறுவனம் அமைத்தது. மெல்லிய கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல், சாலை, இருப்புப்பாதை, காடு, மின்கம்பி ஆகியவை தனித்தனி அடுக்குகளாக அதில் இடம்பெறுகின்றன. ஆசிரியர்கள் இதனை எண்ணெய்த் தாளில் வரைந்து மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். உத்தேசச் சாலை காட்டினூடே செல்லுமாயின், முதல் முளை அடிக்கப்படுவதற்கு முன்னரே அது புலனாகிவிடும்.

இராணுவத்தின் தேவையையும் இவ்வாறே முன்கூட்டி அறிதல் வேண்டும். ராஜஸ்தானத்தின் பாட்மேர் பகுதியில் தேசிய நெடுஞ்சாலை 925ஏ-யின் 3 கிலோமீட்டர் நீளம், அவசர காலத்தில் விமானம் இறங்கும் தளமாகவும் அமைக்கப்பட்டு, 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி திறக்கப்பட்டது. மற்ற நாட்களில் அதில் லாரிகளே ஓடுகின்றன. விமானம் இறங்க வேண்டுமாயின் சாலை நேராகவும் கனமாகவும் இருத்தல் வேண்டும். நடுத்தடுப்பும் விளக்குக் கம்பமும் குறுக்கிடலாகாது. சாலை முடிந்தபின் இவற்றைக் கேட்டால், போட்டதை உடைப்பதன்றி வேறு வழியில்லை. இவ்வேலை கதிசக்திக்கு முற்பட்டது என்பதையும் கூறிவிடுதல் நியாயம். விமானப் படையும் நெடுஞ்சாலைத் துறையும் கூடிப் பேசியதே அங்கு பலித்தது. அப்பேச்சை எல்லா இலாகாக்களுக்கும் வழக்கமாக்குவதே நிலப்படத்தின் வேலை.

அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவின்மீது 2018-இல் திறக்கப்பட்ட போகிபீல் பாலம், கீழே ரயிலையும் மேலே மோட்டார்களையும் தாங்குவது, நீளம் 4.94 கிலோமீட்டர். எல்லைக்குச் செல்லும் துருப்புகளுக்கும், வடகரையிலிருந்து திப்ருகர் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிக்கும் அதுவே வழி.

எனினும் படையின் அந்தரங்கங்களை அனைவர்க்கும் திறந்து காட்டுதல் இயலாது. யார் எந்த அடுக்கைக் காணலாமென்று வரையறுப்பது, கணினி வேலையைவிடக் கடினமானது என்பது என் எண்ணம்.

களப் பணியாளருக்கு இதில் தனிப் பொறுப்புண்டு. ஒரு டாங்கியின் எடை 40 டன்னுக்கும் அதிகம். அதனைச் சுமக்கும் வண்டியின் எடை வேறு. வெள்ளத்தில் அடித்தூண் அரிக்கப்பட்ட சிறு பாலத்தை மேற்பார்வையாளர் பதிவு செய்யாதவரை, நிலப்படத்தில் அப்பாலம் உறுதியாகவே நிற்கும். தொலைவிலிருந்து வழி வகுப்பவரும் அதன்மீதே வண்டிகளை அனுப்புவார்.